ஒல்லாந்தரின் பதினான்கு பலகைகள்

நாற்பது வருடங்களுக்கு முன் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒக்லாந்தில் வந்து இறங்கிய பிள்ளைகள் நாங்கள். இப்போது முழங்கால் நோகிற வயதுக்கு வந்துவிட்டோம். கோயில் மண்டபத்தில் கண்டால் மோட்கேஜ் முடிந்ததா, சீனி எவ்வளவு என்று விசாரிக்கிறோம். உங்களில் பலர் சனிக்கிழமைகளில் தெற்கே புக்கெகோஹித் தோட்டங்களுக்குக் காரை விட்டு மூட்டையாக வெங்காயம் வாங்கி வருகிறீர்கள். உனக்கும் ஒரு மூட்டை கொண்டுவரட்டா, சும்மா ஒரு ஓட்டம் எங்களோடு வாவேன் என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறீர்கள். நான் சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன். இவளுக்குப் பெருமை என்றுகூட ஒருத்தி சொன்னதாகக் கேள்வி. பெருமை இல்லை. காரணத்தை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வந்த முதல் வருடம் அங்கேதான் இருந்தோம். ஒரு நீண்ட சரிவின் அடியில் தகரக் கூரை போட்ட சின்னப் பலகை வீடு. சரிவு முழுவதும் வெங்காயம். உச்சியில் தோட்டக்காரரின் வீடு. யாழ்ப்பாணத்தில் பூமிசாத்திரம் படிப்பித்த அப்பா, இங்கே அந்தத் தோட்டக்காரரின் கொட்டகையில் வெங்காயம் தரம் பிரித்து மூட்டை கட்டினார். முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது கையில் ஒரு பிடி மண் கொண்டுவந்து அம்மாவுக்குக் காட்டினார். எங்கள் ஊர்ச் செம்மண்ணேதான், வெங்காயம் மட்டும் கொஞ்சம் பெரிது என்றார். அம்மா அதைப் பார்த்து அழத் தொடங்கினார். அப்பா மண்ணை வாசலில் தட்டிவிட்டு முகம் கழுவப் போனார்.

தோட்டக்காரர் நெதர்லாந்துக்காரர். யாழ்ப்பாணத்தாருக்கு நெதர்லாந்து என்று ஒரு நாடு கிடையாது, ஒல்லாந்தர் என்று ஒரு சனம்தான் உண்டு. கோட்டை கட்டியவர்கள், சட்டம் எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள். அங்கே எங்களை ஆண்டது காணாதென்று இங்கேயும் வந்து வீட்டுக்காரனாக நிற்கிறாங்கள் என்று அம்மா சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு ஒல்லாந்தர் என்பதே பெயர். நெடிய மனிதர். பேச்சு மிகக் குறைவு. அவருடைய மனைவி அவரைவிட அரை அடி குறைவு, அவ்வளவுதான்.

வீட்டைத் தரும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் வாசல் படலைக்கு இரண்டு பக்கமும் சீமெந்துத் தூண்கள் நின்றன. தூண்களின் உட்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை இரண்டு இரண்டு பள்ளங்கள். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் பதினான்கு நீளப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ரோமன் இலக்கம் செதுக்கி, அடுக்கியிருந்தன. வெள்ளம் வந்தால் பள்ளங்களுக்குள் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கவேண்டும், வரிசைக்கு ஏழு, இரண்டு வரிசைக்கும் நடுவில் களிமண் அடைக்கவேண்டும். மற்றபடி ஒருவரும் தொடக்கூடாது. கடல் பல மைலுக்கு அப்பால். நாங்கள் இருந்ததோ மேட்டு நிலம். மழை பெய்தால் சரிவிலிருந்து சிவப்புத் தண்ணீர் வாசலைக் கழுவிக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். ஆனாலும் அவர் சனிக்கிழமைதோறும் இறங்கி வந்து பலகைகளை எண்ணுவார், துடைப்பார், ஆளிவிதை எண்ணெய் பூசுவார். அந்த எண்ணெய் மணம் எங்கள் படுக்கையறை வரைக்கும் வரும். மனிசனுக்கு ஒரு தட்டு கழன்றிருக்குது என்பது அம்மாவின் முடிவு.

எங்களுக்கு இருந்த கவலை வேறு. அண்ணா ஊரில் நின்றுவிட்டான். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வரட்டும் என்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த முடிவு அது. குண்டு விழுகிற ஊரில், படிப்புக் குழம்பிவிடுமே என்று பிள்ளையை விட்டுவிட்டு வரக்கூடிய சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். அவனைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். பரீட்சை முடிவதற்குள் அவனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. இனி அவன் எங்களோடு சேர்ந்த பிள்ளை இல்லை, தனி விசா, அதற்கு இங்கே ஒருவர் வேலை தருகிறேன் என்று கடிதம் கொடுக்கவேண்டும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஒல்லாந்தர்தான். கேளுங்கோ, கேளுங்கோ என்று அம்மா அப்பாவை நாளுக்கு மூன்று வேளை அரித்தெடுத்தார். அப்பா கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு ஒரு நாள் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தது.

இதை ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அப்பா அம்மாவிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார். ஏனென்றால் முன்பு ஒரு தரம், நாங்கள் நாட்டைவிட்டு வெளிக்கிட முதல், விசா சரி என்று அம்மா எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுவதும் சொல்லி, பிறகு அது குழம்பிப்போனது. கண்ணூறு என்று அம்மாவே தீர்ப்பும் சொன்னார். அன்றிலிருந்து அப்பா வாயைக் கட்டிக்கொண்டார்.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தர் வீட்டில் எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். கறுவா மணக்கும் பிஸ்கட் வைத்தார்கள். எங்கள் கறுவாவில் செய்து எங்களுக்கே தருகிறார்கள் என்று அம்மா புன்னகை மாறாமல் தமிழில் சொன்னார். நான் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுமாரிகளின் கீழ்த்தட்டுகளில் ஒரு பொருளும் இல்லை. மா, சீனி, படங்கள், வேதப் புத்தகம், சப்பாத்து எல்லாமே என் தலைக்கு மேல். எனக்கு என்னவோ போல இருந்தது.

அப்பாவுக்கு அன்று வாய் திறந்துகொண்டது. நெதர்லாந்தை அவர் கண்ணால் கண்டதில்லை, ஆனால் பத்து வருடம் கரும்பலகையில் கீறியவர். வெங்காய மூட்டைக் கடதாசி ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் கீறத் தொடங்கினார். கடல், அணை, கால்வாய், காற்றாலை, கடல் மட்டத்துக்குக் கீழே வயல். ஒல்லாந்தரின் ஊரை ஒல்லாந்தருக்கே படிப்பித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பென்சிலை வாங்கித் தன் ஊரைத் திருத்திக் கீறினார். நடுவில் வேதக்கோயில். கோயிலைச் சுற்றி வட்டமாக ஒரு நீரோடை, ஓடையைச் சுற்றி வட்டமாக வீடுகள். வட்டத்திலிருந்து அணைக்கு நேராக ஒரே தெரு. வீடுகளை ஒவ்வொன்றாகக் கீறி ஆட்களின் பெயர் எழுதினார். கொல்லன், ரொட்டி சுடுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் வீட்டை அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார்.

அங்கே அணைகள் மூன்று அடுக்கு என்றார் ஒல்லாந்தர். கடலோடு நிற்பது விழித்திருக்கும் அணை. அதற்குப் பின்னால் தூங்கும் அணை. அதற்கும் பின்னால் கனவு காணும் அணை. முன்னே நிற்பது உடைந்தால் பின்னே நிற்பது எழும்பவேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் கடலை இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு புது வயல் எடுக்கும், பழைய வயல் காய்ந்து காய்ந்து பதிந்துபோகும், அதனால் பேரன் வயலைவிடப் பாட்டன் வயல் பள்ளம். அதே பெயரில் ஒரு பழைய ஊர் அணைக்கு வெளியே கடலுக்கு அடியில் கிடக்கிறதாம். தண்ணீர் வற்றும் நாட்களில் அந்த ஊர்க் கோயில் மணி கேட்கும் என்று மீன் பிடிக்கிறவர்கள் சொல்வார்களாம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது போய்க் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். கேட்டதா என்று நான் கேட்டேன். அப்போது கேட்கவில்லை என்றார்.

தெரு தூங்கும் அணையைத் தொடும் இடத்தில் அவர் அணைக்கோட்டை முழுதாக இழுக்காமல் விட்டார். அங்கே ஒரு இடைவெளி. ஏன் என்று அப்பா கேட்டார். வண்டில்கள் போய்வர. தண்ணீர் வந்தால்? பலகை போட்டு அடைப்பார்கள், பலகைகள் பக்கத்துக் கொட்டிலில் இருக்கும். ஐம்பத்து மூன்றாம் ஆண்டுக் கடல்வெள்ளத்தில் பலகை போடவில்லையா என்று அப்பா கேட்டார். போட்டார்கள், இரண்டு குறைந்துவிட்டது.

அப்பாவுக்குக் கணக்குச் சரிவந்த சந்தோசம். வகுப்பில் சொல்வது போலவே சொன்னார்:

"அப்படியானால் பிழை கடலுடையது அல்ல. ஒரு மனிதனுடையது."

 ஒல்லாந்தரின் மனைவி கோப்பைகளை எடுக்கத் தொடங்கினார். பிறகு ஒல்லாந்தர் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, அந்த ஊர்க் கொட்டிலின் பூட்டுத் திறப்பு தங்கள் வீட்டில்தான் இருந்தது என்றார். இருபது வருடமாகத் தேவைப்படாத பலகைகள். அந்த மாரிக்குப் பன்றிக்கூட்டுத் தரைக்கு இரண்டு பலகை எடுத்தவர் அவரேதான். தண்ணீர் வந்தபோது அந்த இரண்டு பலகை இடைவெளியால் வந்தது. அடைக்க ஏதாவது மரம் கிடைக்குமா என்று தெருவால் ஓடிய அவருடைய தம்பி திரும்பவில்லை. இவ்வளவையும் கால நிலை சொல்வது போலச் சொல்லிவிட்டு, இன்னும் தேநீர் வேண்டுமா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வேண்டும் என்று தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, கடிதம் கேட்கப் போன இடத்தில் உங்களுக்கு எதற்குப் பாடம் என்று மட்டும் சொன்னார்.

பொங்கல் வந்தது. இங்கே அது கோடை, பள்ளிக்கூட விடுமுறை. தோட்டமெல்லாம் வெங்காயம் பிடுங்கிக் காயப் போட்டிருந்தார்கள், காற்றே வெங்காயமாக மணத்தது. அம்மா விடிய எழும்பி வாசலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். பால் கிழக்காலே வடிவாகப் பொங்கி வழிந்தால் இந்த மாதம் கடிதம் வரும், அண்ணா வருவான் என்று என்னிடம் சொன்னார். அந்த நேரம் பார்த்து மேற்கிலிருந்து காற்று. நெருப்பு படுத்துப் படுத்து எழும்பியது. அப்பா தொப்பியால் மறைத்தார், அம்மா சேலைத் தலைப்பால் மறைத்தார். பால் கொதிக்காமல் ஆடையாகப் படிந்தது. மறைக்க ஏதாவது எடுத்துவா பிள்ளை என்று அம்மா கத்தினார்.

எனக்குப் பதினொரு வயது. அந்தப் பலகைகள் என்ன என்று எனக்குத் தெரியும். மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டவள் நான். ஆனாலும் பால் பொங்கவேண்டும். கொட்டிலுக்கு ஓடி ஆறாம் இலக்கத்தையும் ஏழாம் இலக்கத்தையும் ஒவ்வொன்றாக இழுத்து வந்து காற்றுப் பக்கம் சாத்தினேன். நெருப்பு நிமிர்ந்தது. பால் பொங்கியது, கிழக்காலேதான். அம்மா கைகூப்பி அழுதார். சனிக்கிழமைதோறும் எண்ணெய் குடித்த பலகை இரண்டும் பற்றிக்கொண்டதை அதற்குப் பிறகுதான் கண்டோம்.

அப்பா வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நான் படலைப் பக்கம் திரும்பினேன். ஒல்லாந்தர் நின்றார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. கையில் ஒரு வெள்ளைக் கடித உறை. புகைக்குள் நின்ற அப்பாவும் அம்மாவும் அதைக் காணவில்லை, நான் கண்டேன். அவர் பலகைகளைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார். நான்தான் எடுத்தேன், மன்னிக்கவேண்டும் என்று அப்பா அவரிடம் சொன்னார். ஒல்லாந்தர் உறையைச் சட்டையின் உட்பைக்குள் வைத்துக்கொண்டு, சரிவில் ஏறிப் போனார். அடுத்த சனிக்கிழமை புதுப் பலகை இரண்டு கொட்டிலில் இருந்தது, இலக்கத்தோடு.

கடிதம் வரவில்லை. தை போய் மாசி போயிற்று. அம்மா தினமும் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார், அப்பா இல்லை என்று தலையாட்டுவார். நான் உறையைக் கண்டதைச் சொல்லவில்லை. சொன்னால், அவர் அதைத் தராமல் ஏன் திரும்பினார் என்ற கேள்வி வரும், பதில் நான் எடுத்த பலகை. அந்தக் கோடை முழுவதும் நான் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்க்காமல் திரிந்தேன்.

எங்கள் வீட்டில் போன் இல்லை. பங்குனியில் ஒரு பின்னேரம் ஊரிலிருந்து அழைப்பு என்று ஒல்லாந்தரின் மனைவி வந்து அப்பாவைக் கூட்டிப் போனார். அப்பா நெடுநேரம் கழித்து இறங்கி வந்தார், கூட ஒல்லாந்தரும் பாதி வழி வரைக்கும் வந்தார். ரியூசனுக்குச் சைக்கிளில் போன பிள்ளை திரும்பவில்லையாம், சித்தப்பா தேடாத இடம் இல்லையாம் என்று அப்பா சொன்னார். அம்மா எழுப்பிய சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ஒல்லாந்தரும் மனைவியும் வெள்ளைத் துணி மூடிய ஒரு தட்டோடு வந்தார்கள். அம்மா கதவடியில் மறித்துக்கொண்டு நின்றார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, நீ கடிதம் எழுதவில்லை, நீ எழுதியிருந்தால் என் பிள்ளை இங்கே நிற்பான் என்றார். ஒல்லாந்தர் தொப்பியைக் கழற்றினார். ஆம், நான் எழுதவில்லை என்றார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். எழுதினார், கொண்டுவந்தார், நான்தான் கெடுத்தேன் என்று சொல்லாமல் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா குசினியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே மங்கரேக்குப் போய்விட்டோம். அப்பாவுக்கு விமான நிலையத்தடியில் பொதிகள் ஏற்றும் வேலை. அதன் பிறகு நான் புக்கெகோஹிப் பக்கம் போனதில்லை. அம்மா ஒல்லாந்தரைத் திட்டாத நாள் இல்லை. அவர் இறந்த செய்தி வந்தபோதுகூட, போய்ச் சேரட்டும் என்றார். அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இன்றுவரை இல்லை. எலும்பும் இல்லை, செய்தியும் இல்லை.

ஒரு தரம் என் மகளைக் கேட்டு ஒல்லாந்தரின் ஊரைக் கணினிப் படத்தில் பார்த்தேன். கோயில், ஓடை, வட்டமாக வீடுகள், எல்லாம் அவர் கீறியபடியே. தெரு அணையைத் தொடும் இடத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். இடைவெளி அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கச் சுவர்களிலும் பள்ளங்கள், பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டில். மகள் ஆங்கிலத்தில், இதில் பார்க்க என்ன இருக்கிறது, ஒருவரும் இல்லையே என்றாள். நான் அந்தத் தெருவில் ஒரு பையன் ஓடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடியது யார் என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை, அவருடைய தம்பியோ என் அண்ணனோ.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா சாப்பாடு எடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"பிள்ளை, கடிதம் வந்தது."

எந்தக் கடிதம் என்று நான் கேட்கவில்லை.

"பொங்கல் முடிஞ்சு மூண்டாம் நாள் ஒல்லாந்தர் கொட்டகையில வைச்சுத் தந்தவர். அண்டைக்கே தபாலில போட்டன். கொம்மாட்டைச் சொல்லேல்லை. விசா கையில வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். அவன் அந்தக் கடிதத்தைக் கொண்டுதான் விசா எடுக்கக் கொழும்புக்கு வெளிக்கிட்டவன். இடையில ஆமி பஸ்ஸை மறிச்சு அவனை இறக்கிப்போட்டாங்களாம்."

ரியூசன் கதை அப்பா கட்டியது. சித்தப்பாவையும் அதையே எழுதச் சொல்லியிருக்கிறார். அன்று போனை வைத்ததும் ஒல்லாந்தர்தான் பிடித்து இருத்தியிருக்கிறார்.

"கொம்மா கேட்டுக் கேட்டு வாங்கின கடிதம். அதுதான் பிள்ளையை ரோட்டில இறக்கினது எண்டு நான் அவளுக்கு என்னெண்டு சொல்லுறது எண்டு அந்த மனிசனைக் கேட்டன். 'நான் எழுதேல்லை எண்டு சொல்லு' எண்டவர். 'அவ என்னைத் திட்டட்டும், எனக்கு இது பழக்கம்' எண்டவர்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு காலமும் மறைத்ததை அப்போதுதான் நான் சொன்னேன். பலகையை எடுத்தது நான், அதனால்தான் அவர் கடிதம் தரவில்லை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன் என்றேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எந்தப் பலகை?" என்றார்.

நான்கு நாளில் அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு, என்னோடு இருக்கிறார். காது கேட்கும், கண் தெரியும், நினைவு என்னுடையதைவிடத் துப்பரவு. சொல்லிவிடலாமா என்று மூன்று வருடமாக யோசிக்கிறேன். ஒரு நல்ல மனிதர் மண்ணுக்குள் கிடந்தும் பேச்சு வாங்குகிறார், அது எனக்குச் சுடுகிறது. சொன்னால் அம்மா யாரைத் திட்டுவார் என்று நினைத்தால் அதைவிடச் சுடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குசினி மேசையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அண்ணாவுக்கு இந்த மாதம் ஐம்பத்தெட்டு ஆகியிருக்கும் என்று அம்மா சொன்னார்.  பிறகு, வழக்கமாகக் கோபமாகச் சொல்வதை அன்றைக்குக் கேள்வியாகக் கேட்டார்.

"அந்த ஒல்லாந்தன் ஒரு கடிதம் எழுதியிருந்தா என்ர பிள்ளை தப்பியிருக்கும், என்ன?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அம்மா," என்றேன். "அவன் எழுதேல்லை."